அட்டைக்காரி

ஆகஸ்ட் 14, புதன்

பதினாறு முடிந்து இன்றோடு மூன்று நாள். வந்த சனம் எல்லாம் போயாச்சு. மகள் சித்ரகலாவும் நேற்று திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள்.

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சாபீசில் பைண்டிங் பிசகிப்போனது. மே மாசம் இரண்டு தடவை வரும், ஜனவரி தலைகீழாக இருக்கும். விற்க முடியாததை ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். டைரி எழுதுகிற குடும்பம் இல்லை. ஆனால் இருபத்தாறு வருசம் கையால் பேசியே பழகிவிட்டது. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எனக்கு இரண்டும் உண்டு. இந்த வீட்டில் வாய்க்கு வேலை கம்மி, கைக்குத்தான் வேலை. இப்போது கை சும்மா கிடக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

அவர் பெயர் தனுஷ்கோடி. வயிற்றுப் புண்ணில் ஆரம்பித்தது. ஜூலை 27 போய்விட்டார். வயசு ஐம்பத்தி ரெண்டு.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடைக்குப் போய்விட்டு வந்து, உள்ளே நுழைந்ததும் லைட்டை இரண்டு தடவை போட்டு அணைத்தேன். அவரைக் கூப்பிட அப்படித்தான் செய்வேன். பிறகு கொஞ்ச நேரம் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். முப்பது முடியாமல் வாசலைத் தாண்டுகிறாள் என்று எதிர்வீட்டில் பேசுவார்கள். பேசட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

பத்தொன்பது வருசமாகத் திங்கட்கிழமையானால் நான் அங்கே இருப்பேன். காது கேளாதவர்கள் மனுவோடு வந்தால், அவர்கள் கையைப் பார்த்து அதிகாரிக்கு வாயால் சொல்வேன். அதிகாரி சொல்வதைக் கையால் திருப்பிச் சொல்வேன். யாரும் என்னை வேலைக்கு வைக்கவில்லை. முதலில் அவருக்காகப் போனேன், பிறகு அவர் கூட்டாளிகளுக்காக. அப்புறம் அன்னபுஷ்பம் வராமல் அந்த வரிசை நகராது என்று ஆகிப்போச்சு. மூன்றாவது தூண் பக்கத்தில் ஒரு நீல ஸ்டூல், அது என்னுடையது. கலெக்டரே ஒரு தடவை அதைத் தாண்டிப் போகும்போது எனக்குத் தலையசைத்திருக்கிறார்.

இன்று அதில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். கறுப்புச் சுடிதார், கழுத்தில் நாடா கோத்து ஒரு அட்டை. முதல் ஆள் வந்ததும் இரண்டு கையிலும் இருந்த வளையலை உருவிப் பைக்குள் போட்டாள். பிறகுதான் கையைத் தூக்கினாள். வளையல் மின்னினால் பார்க்கிறவர் கண் அதில் போகும் என்று படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். என் கையிலும்தான் வளையல் இல்லை. எனக்கு யாரும் படிப்பில் சொல்லித் தரவில்லை.

ஆபீசர் கனகசபாபதி சார் எழுந்து வந்தார். மாற்றுத் திறனாளிகள் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி, நல்ல மனுசன்.

"வாங்கம்மா. உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னுதான் இருந்தேன். இந்த நேரத்துல வேண்டாமேன்னு விட்டுட்டேன். புது உத்தரவு வந்திருக்கு. ஆபீசு, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோர்ட்டு, எங்கயும் இனிமே பதிஞ்சு நம்பர் வாங்கினவங்கதான் சைகை சொல்லணும். சொந்தக்காரங்க பக்கத்துல உக்காரலாம், நடுவுல நின்னு பேசக்கூடாது. நம்பர் வச்சிருக்கவங்க தப்பாச் சொன்னா நம்பரைப் பிடுங்கலாம். உங்ககிட்ட எதைப் பிடுங்க முடியும், சொல்லுங்க?"

"நான் தப்பாச் சொல்லியிருக்கேனா சார்?"

"சேச்சே, அதுக்குச் சொல்லல."

"அப்ப நானும் பதிஞ்சிடுறேன்."

"பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கணும்மா. பெறகு ரெண்டு வருசம் படிப்பு."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு சார்."

"அதாம்மா."

அந்தப் பிள்ளை எழுந்து, "அக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். என் ஸ்டூலை எனக்கே தானம் பண்ணுகிறாள். நின்றுகொண்டே இருந்தேன். பெயர் பெனிட்டா. அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காதாம், மதுரைப் பக்கம். கை நன்றாகத்தான் ஓடுகிறது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முகத்தை ரொம்ப ஆட்டுகிறாள்.

ஆகஸ்ட் 21, புதன்

மாரீஸ்வரனும் குருவம்மாவும் வந்தார்கள். மாரீஸ்வரன் அவரோடு ஒரே மேஜையில் பைண்டிங் பார்த்தவர். குருவம்மா மாரீஸ்வரன் பெஞ்சாதி. இரண்டு பேருக்கும் கேட்காது. அவர்கள் வந்தால்தான் என் கை திறக்கிறது.

பேச்சு அட்டைக்காரி பக்கம் போனது. எங்கள் ஆட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. காது கேளாதவர்தான் அதை வைக்க வேண்டும். கேட்கிறவர் வைத்தால் ஒட்டாது. அவருக்குப் புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும், அதனால் புருவத்தில் ஒரு கோடு இழுத்தால் அவர். மூக்குத்தியைத் திருகுகிற மாதிரி காட்டினால் நான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் வைத்த பெயர் அது. அதனால்தான் பதினாறு அன்று மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன அத்தையிடம் மாட்டேன் என்றேன். அவர் வேறு யாருக்கும் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை.

குருவம்மா மணிக்கட்டில் கையை வைத்து விரல் நுனி வரை உருவிக் காட்டினாள். வளையல் கழற்றுகிறவள். அட்டைக்காரிக்கு அதுதான் பெயராம். நல்ல பெயர்தான், யார் வைத்தது என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

மாரீஸ்வரன் புருவத்தில் கோடு இழுத்தார்.

குருவம்மா அவர் விலாவில் இடித்தாள். இடித்ததை நான் பார்த்துவிட்டேன். உடனே அவள் எழுந்து, காபி போடுகிறேன் என்று என் அடுப்படிக்கே போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை இந்த ஆபீசுக்கு வந்தது இந்த மாசம். அவர் போனது போன மாசம். அதற்கு முந்தி இரண்டு மாசம் அவர் படுக்கையை விட்டு எழவே இல்லை. அப்படியானால் எப்போது பார்த்தார்? எங்கே பார்த்தார்? மாரீஸ்வரனைக் கேட்டால், "அவன் கேட்டான், நான் போன் நம்பர் கொடுத்தேன். அதுக்கு மேல தெரியாது" என்று கையை உதறிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. கவனிக்கவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை வளையல் கழற்றுவதை ஒரு ஆம்பிளை எதற்காகப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அவர் சட்டைப் பைகளை எல்லாம் துழாவினேன். ஒன்றும் இல்லை. அச்சாபீஸ் மேனேஜருக்குப் போன் போட்டு, சம்பள விவரம் கேட்கிற மாதிரி லீவு விவரம் கேட்டேன். மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக மூன்று செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு எடுத்திருக்கிறார். "ஏன்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "தெரியும் அண்ணாச்சி, தேதி மறந்துபோச்சு" என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நோட்டுப் புத்தக வேலை நெருக்குது, சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். இருபத்தாறு வருசத்தில் அவர் எனக்குச் சொன்ன பொய் இதுதான். எனக்குத் தெரிந்து.

ஆகஸ்ட் 26, திங்கள்

மறுபடியும் போனேன். அவள் எங்கே தப்புப் பண்ணுகிறாள் என்று பார்க்கத்தான் போனேன், மறைப்பானேன்.

தப்புப் பண்ணினாள். மாரீஸ்வரன் பஸ் பாஸுக்கு நாலு மாசமாக அலைகிறார். கிளார்க்கைப் பார்த்துக் கோபத்தில் கையால் ஏதோ சொன்னார். இவள் அதை அப்படியே எடுத்துச் சொல்கிறாள், சத்தமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு: "நாலு மாசமா எருமை மாதிரி ஒரே எடத்துல உக்காந்திருக்கீங்க. என் மனுவுக்கு மேல சாப்பாட்டுத் தூக்கை வச்சிருக்கீங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. கிளார்க்குக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "ஏம்மா, நீ என்ன பேசுற?"

"நான் பேசல சார். அவர் பேசுறார். என் வேலை கூட்டாம கொறைக்காம சொல்றது."

போச்சு, இன்றோடு இவள் கதை முடிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் நடந்தது வேறு. கிளார்க் மாரீஸ்வரனைத்தான் முறைத்தார். மாரீஸ்வரனும் திருப்பி முறைத்தார். இத்தனை வருசத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்ததே இல்லை. இரண்டு பேருமே என்னைத்தான் பார்ப்பார்கள். கடைசியில் கிளார்க் தூக்குவாளியை நகர்த்திவிட்டு மனுவை எடுத்தார். பாஸ் அரை மணி நேரத்தில் வந்தது.

வெளியே வந்து மாரீஸ்வரன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நான் இதுக்கு முன்னாலயும் அவனைத் திட்டியிருக்கேனே. அப்பல்லாம் நீ என்ன சொன்ன?"

ஐயா, பெரிய மனசு பண்ணுங்க என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் கோபத்தை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொட்டினால் காரியம் நடக்குமா? நான் அவரிடம், "நீ சொன்னதைத்தான் சொன்னேன்" என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

ஆகஸ்ட் 28, புதன்

அவளைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டேன். மதுரை வண்டிக்கு நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரரை உனக்குத் தெரியுமா? தனுஷ்கோடி."

"தெரியும்க்கா." "ரொம்ப வருத்தமா இருந்துச்சு" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அதை நான் சொல்லக்கூடாதுக்கா."

"ஏன் சொல்லக்கூடாது? நான் அவர் பொண்டாட்டி."

"தெரியும்க்கா. அவங்களுக்காக நான் போன எடத்துல என்ன நடந்துச்சுன்னு வெளிய சொல்லக்கூடாது. அது எங்க விதி."

"ஆளு செத்துப் போயாச்சு. இனி யாருக்கு விதி?"

"செத்தாலும் அவங்க பேச்சு அவங்களோடதுக்கா."

அவங்களோடதாம். அவர் பேச்சு இருபத்தாறு வருசம் என் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. கல்யாணத்தில் சம்மதமா என்று கேட்டபோது அவர் ஆமாம் என்றதைச் சொன்னது நான். மகள் பிறந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவருக்குச் சொன்னது நான். இவள் மூன்று செவ்வாய்க்கிழமைக்காரி.

"எத்தனை தடவை பார்த்தே? அதையாவது சொல்லு."

அவள் வண்டி வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் புருசனுக்கு இவள் எதற்கு அழுகிறாள்?

ஆகஸ்ட் 30, வெள்ளி

சித்ரகலா போன் பண்ணினாள். ஏதேதோ பேசிவிட்டு, "அம்மா, அப்பாகிட்ட நீ சொல்லியிருக்கணும்" என்றாள்.

"என்ன சொல்ல?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

"நல்லா இருக்கிற ஆளே அந்தப் பேரைச் சொன்னா பாதி செத்துருவான். நான் வைத்தியம் பார்க்காம விட்டேனா? தினம் மணத்தக்காளிக் கீரை, மோரு, தேங்காப் பாலு, எதுல கொறை வச்சேன்?"

"கொறை சொல்லலம்மா."

"பெறகு?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

வைத்துவிட்டாள். அவளிடம் அட்டைக்காரியைப் பற்றிச் சொல்லவில்லை. மகளிடம் சொல்கிற விசயமா அது.

செப்டம்பர் 2, திங்கள்

மனு எழுதினேன். பத்தொன்பது வருசம் ஊரார் மனுவை வாங்கிக் கொடுத்தவள், இன்று எனக்காக ஒன்று. இரண்டு தாள் கிழிந்து மூன்றாவதில்தான் சரியாக வந்தது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'ஐயா, சைகை மொழிபெயர்ப்பாளர் பெனிட்டா என்பவர் என் கணவர் தனுஷ்கோடியோடு வேலை சாராத பழக்கம் வைத்திருந்தார். எனக்குத் தெரியாமல் மூன்று முறை வெளியே அழைத்துப் போனார். இருவரும் ஓட்டலில் ஒன்றாக இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. இப்படிப்பட்டவர் பதிவு எண் வைத்திருக்கத் தகுதி இல்லை.'

ஓட்டலில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் மூன்று அரைநாள் ஊர் சுற்றியவர்கள் ஓட்டலுக்குப் போகாமலா இருந்திருப்பார்கள். அவள் நம்பர் போனால் போகட்டும். வாயைத் திறந்து என்ன நடந்தது என்று சொல்லிவிட்டால் நானே மனுவைக் கிழித்துப் போடுவேன். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். அவர் அவளிடம் என்ன பேசினார்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. துக்க வீடு, கொழுக்கட்டை கிடையாது. எதிர்வீட்டில் கொடுத்தார்கள். தின்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. பதினாறாம் தேதி, காலை பதினொரு மணி.

விசயம் குருவம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மார்க்கெட்டில் பார்த்தேன். தக்காளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "அந்தப் பிள்ளை இல்லைன்னா எங்களுக்கு யாரு?" என்று கேட்டாள்.

"நான் இல்லையா?" என்றேன்.

குருவம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் ஆட்கள் சண்டையை அப்படித்தான் முடிப்பார்கள். கண்ணை மூடிவிட்டால் அதற்கு மேல் நாம் என்ன சொன்னாலும் போய்ச் சேராது. நடு மார்க்கெட்டில் அவள் கண்ணை மூடி நிற்கிறாள், நான் கையைத் தூக்கியபடி நிற்கிறேன். கீரைக்காரம்மா, "என்னத்தா, மயக்கமா அவளுக்கு?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

விசாரணை நடந்தது. இன்றைக்கு எழுத முடியாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்று எழுதிவிட வேண்டும்.

சாருடைய அறையில் நாங்கள் மூன்று பேர்தான். சார் என் மனுவை வாசித்தார். ஓட்டல் என்கிற இடம் வந்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"அவருக்காகப் போனேன் சார். மூணு தடவை. அவர் கூப்பிட்டார். ஓட்டலுக்குப் போகல."

"எதுக்குக் கூப்பிட்டார்? என்ன பேசினீங்க?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"நீங்க சொல்லிட்டா இது இந்த ரூமுலயே முடிஞ்சிரும்மா. சொல்லலைன்னா நான் மேல அனுப்பணும். முடிவு வர வரைக்கும் உங்க நம்பரை நிறுத்தி வைப்பாங்க."

"நிறுத்தட்டும் சார்."

"வேலையில்லாம இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன் சார். இப்ப நான் ஒருத்தரோட பேச்சைச் சொல்லிட்டா, நாளைக்கு யாரு என்னை நம்பிக் கையைத் தூக்குவாங்க?"

சார் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க வருகைப் பதிவேட்டைக் காட்டுங்க. அதைக் கேக்க எனக்கு உரிமை உண்டு" என்றார். அவள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். எங்கே போனாலும் தேதி, நேரம், இடம், யாருக்காக என்று எழுதி அங்குள்ளவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். பேசியதை எழுதக் கூடாதாம். சார் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து வாசித்தார்.

"மார்ச் அஞ்சு, செவ்வாய். பெரியாஸ்பத்திரி, புற்றுநோய்ப் பிரிவு. தனுஷ்கோடிக்காக. டாக்டர் கையெழுத்து இருக்கு. மார்ச் பத்தொம்பது, அதே எடம். ஏப்ரல் பதினாறு, அதே எடம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுல என்னம்மா தப்பு? வந்த நோய்க்கு டாக்டரைப் பார்க்கத்தான போயிருக்கார்?"

"அவருக்குத்தான் தெரியாதே சார்" என்றேன்.

"எது தெரியாது?"

"அந்த நோய்னு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சார் நோட்டை மூடினார்.

இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். பிப்ரவரி இருபது அன்று டாக்டர் அவரை உட்கார வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். குடலில் புற்று, முற்றிவிட்டது, ஆறு மாசம். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் 'புண்' என்று காட்டினேன். காரம் ஆகாது, மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும். டாக்டர் வாய் அசைந்தது இரண்டு நிமிசம், என் கை அசைந்தது இரண்டே தடவை. அவர் டாக்டர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

பதினாலாவது நாள் அவர் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஐந்து மாசம் நான் 'புண் ஆறிக்கிட்டு வருது' என்று காட்டியிருக்கிறேன். தினமும் காட்டியிருக்கிறேன். அவரும் ஆமாம், நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்று காட்டியிருக்கிறார். மணத்தக்காளிக் கீரையை ஒரு நாள்கூட வேண்டாம் என்று தள்ளவில்லை. கடைசி வாரம் தண்ணீரே இறங்காதபோதும் கீரைச் சாற்றை நாக்கில் விடச் சொல்லி வாயைத் திறந்தார்.

உண்மையை அவளிடம் பேசினார். என்னிடம் புண்ணைப் பேசினார். எவளோடோ ஓட்டலுக்குப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

செப்டம்பர் 18, புதன்

துணி துவைத்தேன். அவர் சட்டைகளையும் சேர்த்து.

செப்டம்பர் 23, திங்கள்

மனுவை வாபஸ் வாங்கப் போனேன். சும்மா வாபஸ் என்றால் ஆபீஸ் பதிவில் அவள் பெயரில் ஒரு கறை நிற்குமாம். எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தால்தான் துடைக்க முடியும் என்றார் சார். "யோசிச்சுக்கோங்கம்மா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது. 'ஓட்டல் என்று நான் எழுதியது பொய். பொறாமையில் எழுதினேன்' என்று எழுதி, அன்னபுஷ்பம் என்று கையெழுத்துப் போட்டேன். "பொறாமைன்னு எல்லாம் எழுத வேண்டாம்மா" என்றார். இருக்கட்டும் சார் என்றேன்.

வராந்தாவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்தாலும் நியாயம்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றேன். "என்ன பேசினார்னு கேக்கல. அழுதாரா? அதை மட்டும் சொல்லு."

"அதையும் சொல்லக்கூடாதுக்கா."

"கல்லுடி நீ."

"ஆமாக்கா" என்றாள். "எங்கம்மா அப்பாவுக்கு எட்டு வயசுல இருந்து நான்தான் சைகை. எங்கப்பாவுக்கு சுகர் வந்தப்போ டாக்டர் சொன்னதுல பாதியை நானும் சொல்லாம விட்டவதான். அதுக்கு அப்புறம்தான் இந்தப் படிப்புக்குப் போனேன்."

"அப்பா இருக்காரா?"

"இருக்கார்க்கா. ஒரு கால் இல்ல."

டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவர் கை கடைசியாக உண்மை பேசியதை அவள் கண்ணு பார்த்திருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் டீ குடிப்பதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது.

செப்டம்பர் 26, வியாழன்

மாரீஸ்வரன் தனியாக வந்தார். குருவம்மாவுக்கு மார்பில் கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை முடிவு. பெனிட்டாவுக்குச் சொல்லியாச்சு, நீயும் வர வேண்டும் என்று குருவம்மா கேட்கிறாள் என்றார்.

"கண்ணைத் திறந்துட்டாளா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. அதே பிரிவு. அதே டாக்டர் இல்லை, இது ஒரு சின்னப் பெண். பெனிட்டா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றாள். வளையலைக் கழற்றிவிட்டு, "அக்கா, நீங்களும் உள்ள வந்து உக்காரலாம், விதி இருக்கு" என்றாள். குருவம்மாவும் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஒன்று சொல்வார், அட்டைக்காரி அதைச் சொல்வாள், குருவம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்த்து 'ஒண்ணுமில்ல, பயப்படாத' என்று காட்டிவிடுவேன். என்னால் காட்டாமல் இருக்க முடியாது. இந்தக் கைக்கு அவ்வளவுதான் படிப்பு.

"நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்" என்று குருவம்மாவிடம் சொன்னேன்.

அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. வாய்ப்பேச்சுக்காரர்களுக்கு அது போதும், சாத்திவிட்டால் சத்தம் வெளியே வராது. எங்கள் பேச்சுக்கு அது கதவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து குருவம்மாவின் இரண்டு கையும், மாரீஸ்வரன் முகமும், அட்டைக்காரியின் முழங்கையும் நன்றாகத் தெரிந்தன. அவள் கையைத் தூக்கினாள். ஒரு சொல்லைப் பார்த்தேன். 'உங்களுக்கு' என்று ஆரம்பித்தாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில்தான் மார்ச் ஐந்தாம் தேதியும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். புருவத்தில் தழும்பு உள்ள ஒருவர் உள்ளே கையை ஆட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிகிற ஒரே ஆள் நான், அன்றைக்கு வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பொறாமை போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. இவள் ஐம்பது வருசம் இருப்பாள், அவர் பேசியது இவளுக்குள்ளேயே இருந்துகொண்டிருக்கும். எனக்கு ஒரு சொல் கிடைக்காது.

வார்டு ஆயா தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். "ஏம்மா, சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்க? ஃபேன் அந்தப் பக்கம்ல ஓடுது, திரும்பி உக்காரு."

"இருக்கட்டும்மா."

"வேர்த்து ஒழுகுது ஒனக்கு."

"உள்ள பேசிட்டிருக்காங்க" என்றேன்.

ஆயா கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒரு சத்தத்தையும் காணோமே" என்றாள்.

கழுத்து வலித்தது. முக்கால் மணி நேரம். திரும்பவில்லை.